உங்களுக்குத் தெரியுமா? – விழுந்தவருக்குத் தங்கம்!

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் கராத்தே இறுதிப்போட்டி. சவூதியின் தாரெக் ஹமீதி 4-1 என்று முன்னிலை. காலைச் சுழற்றி உயரே ஓர் உதை விட்டார். ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதே அப்படியே சாய்ந்தார், பேச்சுமூச்சில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். தங்கம் யாருக்கு? ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத்தான்! கட்டுப்பாடில்லாமல் உதைத்தார் என்று ஹமீதியைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். கஞ்ஜாதேவுக்கு நினைவு திரும்பிய பிறகுதான் தான் ஜெயித்த சேதியே தெரியும். சவூதிக்கு வரவேண்டிய முதல் ஒலிம்பிக் தங்கம் வெள்ளியாகிப் போனது.

உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி, தலைக்குப் போகும் உதை பட்டும் படாமலும் நிற்கவேண்டும். நின்றால் 3 புள்ளி, பெயர் ‘இப்போன்’. வயிற்றிலோ முதுகிலோ உதைத்தால் 2. கைக்குத்து முகத்துக்குப் போனாலும் மார்புக்குப் போனாலும் 1தான். ஆனால் எதிராளியின் காலை வாரிவிட்டு, விழுந்தவர் மேல் அதே குத்தைக் கச்சிதமாக இறக்கினால் 3!

குத்து விழுந்தால் மட்டும் போதாது. குத்திய கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘பார்த்தீர்களா?’ என்று நடுவரைப் பார்த்தால் புள்ளி கோவிந்தா. அடித்த பிறகும் எதிராளி மேல் கண் இருக்கவேண்டும். ஜப்பானியர்கள் இதை ‘ஸான்ஷின்’ என்கிறார்கள்.

பெரியவர்களுக்கு ஆட்டம் 3 நிமிடம். இடையில் யாராவது 8 புள்ளி முன்னே போய்விட்டால் அத்தோடு சரி.

புள்ளிகள் சமமானால்? முதல் புள்ளியைத் தனியாக எடுத்தவருக்கு ‘சென்ஷு’ என்ற சலுகை உண்டு. அதை இழக்காமல் வைத்திருந்தால் வெற்றி அவருக்கே. 0-0 என்றால் நடுவர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

லேசாகப் பட்டதற்கு முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டால் உருண்டவருக்கே தண்டனை. கால்பந்தாட்டக்காரர்கள் நல்லவேளை, இந்தப் பக்கம் வரவில்லை!

நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் கிச்சின் ஃபுனகோஷிக்குப் போட்டிச் சண்டையே பிடிக்காது. அவர் 1957 ஏப்ரலில் காலமானார். ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியதும் அதே ஆண்டில்தான்.

மாஸ் ஒயாமா தொடங்கிய கியோகுஷின் என்ற கராத்தே பிரிவில் கதையே வேறு. அங்கே எதிராளியைச் சாய்த்தால்தான் பெருமை. ஆனால் கையால் முகத்தில் குத்தக்கூடாது. கூடுதல் நேரம் கொடுத்தும் முடிவு வராவிட்டால் எடை பார்ப்பார்கள். ரொம்பவும் குறைவாக இருப்பவருக்கு வெற்றி. அதிலும் பெரிய வித்தியாசம் இல்லையா? பலகை உடைக்கும் சோதனையில் யார் அதிகம் உடைத்தார் என்று எண்ணிப் பார்ப்பார்கள்!