தொட்டி மீன் சாவது ஏன்?

புதிய கண்ணாடித் தொட்டி. கோவைக்கே பெருமை தரும் சிறுவாணித் தண்ணீர். நல்ல தீனி. ஆனாலும் சில நாளில் மீன் செத்து மிதக்கிறது! குழந்தைகள் அழுகிறார்கள். காரணம் என்ன?

விஷம்

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு விஷம்.

நல்ல கிருமிகள்

ஒரு வகைக் கிருமி அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷமே. இன்னொரு வகைக் கிருமி அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதனால் கெடுதல் மிகக் குறைவு. ஈரோட்டு மஞ்சள் வயலில் போடும் யூரியாவும் மண்ணில் இப்படித்தான் மாறிப் பயிருக்கு உணவாகிறது.

என்ன செய்யலாம்?

இந்தக் கிருமிகள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஓரிரு மீன் போதும். தீனி ஒரு சிட்டிகை போதும்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், கிருமிகளைக் கொன்றுவிடும். ஆகவே ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள்.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். எடுத்த தண்ணீரிலேயே வடிகட்டிப் பஞ்சை அலசுங்கள். தொட்டி முழுவதையும் தேய்த்துக் கழுவினால் நல்ல கிருமிகளும் போய்விடும்!

மிச்சத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். மீனுக்கு வேண்டாத நைட்ரேட், செடிக்கு உரம்!