ஐம்பது கிராம் சன்ஸ்கிரீன்: ஒரு கணக்கு

ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம். சன்ஸ்கிரீன் டியூபின் மேல் இருக்கும் எஸ்.பி.எஃப். எண், ஆய்வகத்தில் இந்த அளவு தடவிப் பார்த்துக் கிடைத்த எண். முகத்தையும் கழுத்தின் முன்புறத்தையும் சேர்த்து 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு 1.2 கிராம் வேண்டும். 50 கிராம் டியூப் 41 தடவைக்கு வரும். விலை 500 ரூபாய் என்றால் தடவைக்கு 12 ரூபாய். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்று தடவினால் மூன்று வாரத்தைத் தாண்டாது.

அதே டியூபை நான்கு மாதம் ஓட்டினால்? 120 நாளுக்கு 50 கிராம்; நாளொன்றுக்கு 0.42 கிராம், ஒரே தடவையாகத் தடவினாலும் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 மில்லிகிராம். ஆய்வக அளவில் மூன்றில் ஒரு பங்குதான். பாதுகாப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் இறங்கும். டியூபில் 50 என்று இருப்பது முகத்தில் 17, 18 ஆகிவிடும். மக்கள் எவ்வளவு தடவுகிறார்கள் என்று அளந்த ஆய்வுகளில் பெரும்பாலும் 0.5 முதல் 1 மில்லிகிராம் வரைதான் வந்திருக்கிறது. முழு அளவில் தடவினால் எஸ்.பி.எஃப். 30 தோலைச் சிவக்கவைக்கும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 சுமார் 98 சதவீதத்தை. அந்த ஒரு சதவீதத்துக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட்டுச் சிக்கனமாகத் தடவுவதைவிட, 30-ஐ வாங்கித் தாராளமாகத் தடவுவதே மேல்.

உடம்பு முழுதும் என்றால் கணக்கு வேறு. வளர்ந்தவரின் தோல் சுமார் 17,000 சதுர சென்டிமீட்டர். ஒரு தடவைக்கு 34 கிராம், அதாவது 340 ரூபாய். கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவரிடம் இதைச் சொல்வது நியாயமே இல்லை. அவருக்கு முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும்தான் முதல் சன்ஸ்கிரீன்.

இனி டியூபுக்குள் இருப்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் வெயில் தடுப்புப் பொருள்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுகளை 50 கிராமுக்குக் கணக்கிட்டால்:

ஜிங்க் ஆக்சைடு, 25 சதவீதம்: 12.5 கிராம்
ஆக்டோகிரிலீன், 10 சதவீதம்: 5 கிராம்
ஆக்டினாக்சேட், 7.5 சதவீதம்: 3.75 கிராம்
ஆக்சிபென்சோன், 6 சதவீதம்: 3 கிராம்
அவோபென்சோன், 3 சதவீதம்: 1.5 கிராம்

எல்லாமே ஒரே டியூபில் உச்ச அளவில் இருக்காது. வெயிலைத் தடுக்கும் பொருள்கள் போக மீதமுள்ள பெரும்பகுதி தண்ணீர், எண்ணெய், ஆல்கஹால், கெடாமல் காக்கும் பொருள், வாசனைப் பொருள். முகம் எரிந்தால் எல்லாரும் ஆக்சிபென்சோன் போன்ற பெயர்களைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெயர் தெரியாத இந்த மீதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1993-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றின் எண்கள் இங்கே உதவும். 603 பேர் பல மாதங்கள் தினமும் தடவினார்கள். சிலருக்கு சன்ஸ்கிரீன், சிலருக்கு வெயில் தடுப்புப் பொருள் எதுவும் சேர்க்காத வெறும் அடிப்படை க்ரீம். 114 பேருக்கு, அதாவது 18.9 சதவீதம் பேருக்கு, ஏதோ ஒரு தொந்தரவு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை வெறும் எரிச்சல். உண்மையான ஒவ்வாமை 10 சதவீதத்துக்கும் குறைவு. ஐந்தில் ஒருவருக்குத் தொந்தரவு என்பது சின்ன எண் இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது வேறு க்ரீம். வெயிலில் தோலைக் காப்பதையே கைவிட வேண்டியதில்லை.

எரிச்சலா ஒவ்வாமையா என்பதை நேரத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். தடவிய சில நிமிடங்களில் சுருக்கென்று எரிந்து, கழுவியதும் அடங்கினால் எரிச்சல். ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் நீர்க்கொப்புளமும் வந்தால் ஒவ்வாமை. மூன்றாவதாக ஒன்று உண்டு: க்ரீமும் வெயிலும் சேர்ந்தால் மட்டுமே வரும் ஒளி ஒவ்வாமை. வெயில் படாத இடங்களான மோவாயின் அடி, காதின் பின்புறம், மேல் இமை ஆகியவை தப்பித்திருக்கும்.

இந்த மூன்றாவது வகையை ஐரோப்பாவில் 12 நாடுகளில் 1,031 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 200 பேருக்கு ஒளி ஒவ்வாமை உறுதியானது. வெயில் தடுப்புப் பொருள்களில் ஆக்டோகிரிலீனும் ஆக்சிபென்சோனும் முன்னால் நின்றன. ஆனால் பட்டியலின் தலையில் இருந்தது, மூட்டு வலிக்குத் தடவும் ஜெல்லில் உள்ள கீட்டோபுரோஃபென்: 128 பேர். அந்த ஜெல்லால் ஒளி ஒவ்வாமை வந்தவருக்கு ஆக்டோகிரிலீனும் ஒத்துக்கொள்ளாமல் போவது தோல் மருத்துவர்கள் அறிந்த விஷயம். ஆகவே முகத்தில் தடிப்போடு போகிறவர் முழங்காலில் தடவிய ஜெல்லையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெயில் தடுப்புப் பொருள்கள் போக மீதியில் இருக்கும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. மெத்தில்ஐசோதையாசோலினோன் என்ற, க்ரீம் கெடாமல் காக்கும் பொருள் ஏராளமானோருக்கு ஒவ்வாமை தந்ததால், தடவியபின் கழுவாமல் விடும் க்ரீம்களில் அதை 2017 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது.

அடுத்து, ரத்தத்தில் கலக்கும் பயம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 24 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் ஆக்சிபென்சோன் ரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சராசரியாக 209.6 நானோகிராம் வரை ஏறியது. கூடுதல் பாதுகாப்புச் சோதனை தேவையா என்று தீர்மானிக்கும் வரம்பு 0.5 நானோகிராம். செய்திகளில் அந்த இரண்டு எண்களும் அருகருகே வந்து பலரைப் பதற வைத்தன. அவர்கள் தடவிய அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: உடம்பின் 75 சதவீதத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம், நாளுக்கு 4 முறை, 4 நாள். என் 17,000 சதுர சென்டிமீட்டர் கணக்கில் இது தடவைக்கு 25.5 கிராம், மொத்தம் 408 கிராம். நான்கே நாளில் எட்டு டியூப்! இதைச் சொல்லிப் பொருளைக் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது. 48 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான அடுத்த ஆய்வில், ஒரே ஒரு தடவை தடவியதுமே சோதித்த ஆறு வெயில் தடுப்புப் பொருள்களும் 0.5-ஐத் தாண்டின, 14 பேருக்குத் தடிப்பும் வந்தது. ரத்தத்தில் இருப்பதாலேயே தீங்கு என்று சொல்லிவிட முடியாது, சன்ஸ்கிரீனை நிறுத்த வேண்டாம் என்பது அந்த நிர்வாகத்தின் நிலை. ஐரோப்பா 2022-இல் வேறு வழி எடுத்தது: ஆக்சிபென்சோன் முகத்துக்கு 6 சதவீதம் வரை, உடம்புக்கு 2.2 சதவீதம் மட்டும். உடம்பு முழுக்கத் தடவும் 34 கிராமில் 2.04 கிராமாக இருந்தது 0.75 கிராமாகிறது. தோலின் பரப்பைக் கணக்கில் எடுத்த இந்த விதியே எனக்கு அறிவுள்ளதாகப் படுகிறது.

நம் நிறத் தோல் எளிதில் வெந்து சிவக்காது. நமக்குப் பெரிய தொல்லை மங்கு. மங்கை அடர்த்தியாக்குவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. சாதாரண சன்ஸ்கிரீன்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலான க்ரீம்கள் அதையும் மறிக்கும். ஜிங்க் ஆக்சைடால் ஒவ்வாமை வருவது மிக அரிது. அதன் குறை, மாநிறத் தோலில் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது. அதற்குக் கூசிச் சிலர் அளவைக் குறைத்துவிடுவது நஷ்டம்தான்.

புது டியூப் வாங்கினால் முழங்கையின் உள்மடிப்பில் கொஞ்சமாக, நாளுக்கு இரு முறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். தடித்தால் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒளி ஒவ்வாமையை மட்டும் இந்தச் சோதனை நிச்சயமாகக் காட்டாது. அதற்கு மருத்துவர் முதுகில் ஒரே பொருள்களை இரண்டு வரிசையாக ஒட்டி, ஒரு வரிசையில் மட்டும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்ப்பார். அப்போது டியூபோடு அட்டைப்பெட்டியையும் கொண்டுபோங்கள். இந்தியாவில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை எடை அல்லது கன அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். அதற்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் போடலாம். வாசனைப் பொருளும் கெடாமல் காக்கும் பொருளும் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கும்.