விளையாட்டரங்கம்

கன்று துள்ளுவதற்கு யாரும் கற்பிப்பதில்லை. அவ்வாறே சிறுவர் ஓடி ஆடுவதற்கும் ஆசிரியர் வேண்டுவதில்லை. இளமையும் ஆட்டமும் உடன்பிறந்தவை. ஆயினும், அவ்வாட்டம் நெறிப்பட்டு, உடலுக்கு வலிமையும் உள்ளத்திற்கு உறுதியும் தரும் கலையாக வளர வேண்டுமானால் அதற்கு மூன்று வேண்டும். அவை விதி, பயிற்சி, இடம் என்பன. முன்னைய இரண்டையும் நல்லாசிரியர் ஒருவர் தந்துவிடலாம். மூன்றாவதாகிய இடத்தைத் தனியொருவர் தருதல் அரிது. அதனை ஊர்தான் தருதல் வேண்டும். அங்ஙனம் ஊர் தன் இளைஞர்க்கென ஒதுக்கி, அளந்து, திருத்தி வைக்கும் இடமே விளையாட்டரங்கம் ஆகும்.

அரங்கம் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. ஆற்றின் நடுவே மேடிட்டு விளங்கும் நிலத்தையும், கூத்து நிகழும் மேடையையும் நம் முன்னோர் இப்பெயராலேயே வழங்கினர். மாதவி நடனமாடிய அரங்கின் அமைப்பை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் விளக்கிக் கூறியுள்ளார். இருபத்துநான்கு விரல் அளவுடைய கோல் ஒன்று கொண்டு, அகலம் ஏழு கோலாகவும், நீளம் எட்டுக் கோலாகவும், உயரம் ஒரு கோலாகவும் அதனை அமைத்தனர்; அதற்கு இரண்டு வாயில்களும் வைத்தனர். இதனால், அரங்கு என்பது வெறும் வெற்றிடம் அன்று என்பது புலனாகும். அதற்கு வரையறுத்த அளவு வேண்டும். செம்மையான வாயில்கள் வேண்டும். ஆடல் அரங்கிற்குப் பொருந்திய இவ்விரண்டும் விளையாட்டரங்கிற்கும் பொருந்துவனவே.

மேலைநாட்டில் கிரேக்கர் ஒலிம்பியா என்னும் இடத்தில் ஓட்டப்பந்தயத்திற்கெனக் களம் ஒன்று அமைத்திருந்தனர். அதன் நீளம் ஏறத்தாழ 192 மீட்டர். அந்நீள அளவிற்கும், அவ்வளவு ஓடும் ஓட்டத்திற்கும், ஓடும் களத்திற்கும் 'ஸ்டேடியன்' என்ற ஒரே பெயர் வழங்கியது. இன்று உலகெங்கும் வழங்கும் 'ஸ்டேடியம்' என்னும் சொல் அதன் வழிவந்ததே. உரோமர் கி.பி. 80இல் திறந்த 'கொலோசியம்' என்னும் பேரரங்கிற்கு எண்பது வளைவு வாயில்கள் இருந்தன. பல்லாயிரவர் புகுந்து, நெரிசலின்றி வெளியேற வேண்டும் என்பதே அத்தனை வாயில்கள் வைத்ததன் கருத்து.

பிற்காலத்தில் பல்கலைக்கழகங்களும் தத்தமக்கு அரங்குகளை அமைத்துக்கொண்டன. இங்கிலாந்தில் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்திற்கு இஃப்லி சாலை என்னும் இடத்தில் ஓடுகளம் ஒன்று உண்டு. அதன் பழைய தடம் மேடுபள்ளம் உடையதாய், மூன்று சுற்றுக்கு ஒரு மைலாக அமைந்திருந்தது. அங்கு மருத்துவம் பயின்ற ரோஜர் பேனிஸ்டர் என்னும் மாணவர், பல்கலைக்கழகத் தடகளச் சங்கத்தின் தலைவராக இருந்தபொழுது, அதனை மாற்றி நான்கு சுற்றுக்கு ஒரு மைலாகும் சமமான தடம் அமைக்க முயன்று வெற்றி கண்டார். பின்னர், 1954ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், காற்று மிகுந்த மாலைப்பொழுதில், அதே தடத்தில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி முடித்தார். நான்கு நிமிடத்திற்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் என்னும் புகழ் அவருக்கு உரியதாயிற்று. அவர் தடத்தை முதலில் திருத்தினார். பெருமை பின்னர் வந்தது. களம் செம்மையுறாதவிடத்து ஆற்றல் முழுதும் வெளிப்படாது என்பதற்கு இது நல்ல சான்றன்றோ?

இனி நம் சென்னை நகரின் அரங்கிற்கு வருவோம். வடசென்னையில் டோல்கேட் என்பது ஓர் இடம். அங்குள்ள நிலையத்தில் மெட்ரோ தொடர்வண்டி ஏறினால், தூண்களின்மேல் ஓடும் வண்டி வழியில் நிலத்தினுள் இறங்கி, வண்ணாரப்பேட்டையையும் மண்ணடியையும் கடந்து சென்ட்ரல் நிலையத்தை அடையும். இப்பாதையில் டோல்கேட்டிலிருந்து வண்ணாரப்பேட்டை வரையுள்ள பகுதி 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்டது. சென்ட்ரலில் இறங்கி, வெண்ணிறம் பூண்ட ரிப்பன் மாளிகையைக் கடந்து நடந்தால், நேரு விளையாட்டரங்கம் நம்மை எதிர்கொள்ளும்.

இவ்விடம் நெடிய வரலாறு உடையது. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லசு டிரெவெலியன், நகர மக்கள் காற்று வாங்கி உலாவுவதற்கென நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பெரும்பூங்கா ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது மக்கள் பூங்கா, என்பது அதன் பெயர். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1855இல் தோன்றிய விலங்குக் காட்சிசாலை பின்னர் இப்பூங்காவிற்கு வந்து, 1985இல் வண்டலூருக்குப் பெயரும்வரை இவ்வட்டாரத்திலேயே இருந்தது. விக்டோரியா மண்டபமும், மூர் அங்காடியும், ரிப்பன் மாளிகையும் அப்பூங்கா நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அதன் ஒரு பகுதியே இன்று விளையாட்டரங்கமாக விளங்குகின்றது.

இப்பூங்காவில் ஆண்டுதோறும் சந்தைவிழா நிகழ்வதுண்டு. 1886ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் விழாக் கொட்டகைகளில் தீப்பற்றியது. களிப்பு நாடி வந்த மக்களுள் நூற்றுக்கணக்கானோர் தீயிலும் நெரிசலிலும் உயிரிழந்தனர். பலர் கூடும் இடத்திற்கு வாயில்கள் அழகுக்காக வைப்பன அல்ல, அவை உயிர்காப்பன. அரங்கினுள் புகும்பொழுதே, வெளியேறும் வழி எத்திசையில் உள்ளது என்று நோக்கி வைத்தல் அறிவுடையார் செயல். நெரிசலில் முந்த முயல்பவன் பிறர்க்கு இடர் விளைப்பதோடு தனக்கும் இடர் தேடிக்கொள்கின்றான்.

இங்கமைந்த அரங்கம் முதலில் மாநகராட்சி விளையாட்டரங்கம் எனப் பெயர் பெற்றிருந்தது. 1956ஆம் ஆண்டு முதல் 1965ஆம் ஆண்டு வரை பன்னாட்டுக் கிரிக்கெட்டுப் போட்டிகள் ஒன்பது இங்கு நடைபெற்றன. அவற்றுள் முதற்போட்டியே வரலாற்றுச் சிறப்புடையதாயிற்று. 1956 சனவரியில் நியூசிலாந்து அணியை எதிர்த்து ஆடிய இந்திய அணியின் தொடக்க ஆட்டக்காரர்களாகிய வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தனர். மன்கட் 231 ஓட்டங்களும், ராய் 173 ஓட்டங்களும் எடுத்தனர். பன்னாட்டுப் போட்டிகளில் தொடக்க இணையர் எடுத்த ஓட்டங்களுள் அதனை மிஞ்சியது ஒன்றும் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் இல்லை. 2008இல் தென்னாப்பிரிக்கராகிய கிரேம் சுமித்தும் நீல் மெக்கன்சியும் 415 ஓட்டங்கள் எடுத்த பின்னரே அச்சாதனை முறியடிக்கப்பட்டது. 1967 முதல் கிரிக்கெட்டுப் போட்டிகள் மீண்டும் சேப்பாக்கத்திற்குச் சென்றன.

கிரிக்கெட்டு நீங்கியபின் கால்பந்தும் தடகளமும் இவ்வரங்கிற்கு உரியவாயின. பழைய அரங்கம் மாற்றப்பட்டு, 1993இல் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அமரத்தக்க புதிய அரங்கமாக எழுந்தது. 1995ஆம் ஆண்டு திசம்பரில் தெற்காசிய நாடுகளின் விளையாட்டு விழா சென்னையில் நடைபெற்றது. அவ்வாண்டிலேயே, ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் அமரத்தக்க உள்ளரங்கமும் அருகே அமைந்தது. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நிகழ்ந்த உலகச் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழா இவ்வுள்ளரங்கிலேயே நடைபெற்றது. இவை இன்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளன.

அரங்கினுள் நுழைவோர் கண்ணை முதலில் கவர்வது ஓடுதடம். பன்னாட்டு முறைப்படி அமையும் தடத்தில், இரண்டு நேர்ப்பகுதிகளும் இரண்டு அரைவட்டப் பகுதிகளும் உண்டு. நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர் நீளமுடையது. உள்விளிம்பின் வளைவு 36.5 மீட்டர் ஆரமுடையது. ஓடுபவர் விளிம்பை ஒட்டிக் கால்வைத்தல் இயலாதாகலின், விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பர். அவ்வாறு அளந்தால் முதல் தடத்தின் ஒரு சுற்று 400 மீட்டர் ஆகும். ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலமுடையது.

நானூறு மீட்டர் ஓட்டத்தில் ஓடுவோர் ஒரே கோட்டில் நில்லாமல் ஒருவருக்கு ஒருவர் முன்னாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வெளித்தடத்தில் நிற்பவருக்குச் சலுகை காட்டப்படுவதாகச் சிலர் எண்ணுவர். அது பொருந்தாது. வளைவில் வெளியே செல்லச் செல்ல வட்டம் பெரிதாகின்றது; ஆதலால் வெளித்தடத்தில் ஒரு சுற்று ஓடுபவர் மிகுதியான தொலைவு ஓட நேரும். அம்மிகுதியைக் கழிப்பதற்காகவே எட்டாம் தடத்தில் ஓடுபவர் முதல் தடத்தவரைவிட 53.03 மீட்டர் முன்னே நிறுத்தப்படுகின்றார். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது எப்பொழுதும் நடுவுநிலை ஆகாது; எல்லோரும் ஒரே தொலைவு ஓடும்படி செய்வதே நடுவுநிலை. ஓடுதடம் உணர்த்தும் இவ்வுண்மை வாழ்க்கைக்கும் உரியது.

தடத்தின் நடுவே பசும்புல் வளர்ந்த கால்பந்துக் களம் உள்ளது. பன்னாட்டுப் போட்டிக்குரிய களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. இலக்குக் கம்பங்கள் 7.32 மீட்டர் இடைவெளியும் 2.44 மீட்டர் உயரமும் கொண்டவை. புல்லை வளர்ப்பதைவிட நீரை வடிப்பதே அரிய பணி. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சென்னையில் மழை கொட்டும். நீர் தேங்கினால் புல் அழுகும். ஆடுவோர் கால் வழுக்கும். ஆதலின் நல்ல களத்தின் அடியில் மணலும் சரளையும் பரப்பி, நீர் வடியும் குழாய்களையும் புதைப்பர். காண்போர் கண்ணுக்குப் புல் தெரியும். அதனைக் காக்கும் அடித்தளம் தெரியாது.

உள்ளரங்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பூப்பந்தாட்டத்தில் வழங்கும் இறகுப்பந்தில் பதினாறு இறகுகள் உண்டு. அதன் எடையோ ஐந்து கிராம் அளவே. மெல்லிய காற்றும் அதன் போக்கை மாற்றிவிடும். மேசைப்பந்தும் அத்தகையதே. வெற்றி காற்றினால் அன்றித் திறமையினால் முடிவுறவேண்டும் அன்றோ? அதன்பொருட்டே மேற்கூரையும் சுவரும் அமைத்து, மழையும் வெயிலும் காற்றும் புகாதவாறு இவ்வாட்டங்களை நடத்துகின்றனர்.

இத்துணை வசதிகளும் யார்பொருட்டு? இவ்வினாவை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். வடசென்னை துறைமுகமும் ஆலைகளும் நிறைந்தது, வீடுகள் நெருங்கியது, தெருக்கள் குறுகியது. அங்கே சிறுவர் சரக்கு வண்டிகளுக்கு ஒதுங்கி நின்று, அவை போனபின் பந்தாடுவதைக் காணலாம். அப்பகுதியில் கேரம் ஆட்டம் தழைத்து வளர்ந்துள்ளது. புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா என்னும் இளநங்கை, 2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நாட்டில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றுத் தாய்நாட்டிற்குப் பெருமை சேர்த்தார். அவர் தந்தையார் ஆட்டோ ஓட்டுபவர். இதனை எண்ணுந்தோறும் உள்ளம் பூரிக்கின்றது. உடனே ஒரு கவலையும் பிறக்கின்றது. கேரம் ஆடுவதற்கு முக்கால் மீட்டர்ச் சதுரப் பலகை போதும். அஃது எவ்வளவு சிறிய வீட்டிலும் அடங்கும். ஓட்டத்திற்கோ நானூறு மீட்டர் தடம் வேண்டும். கால்பந்திற்குப் பரந்த வெளி வேண்டும். சிறிய இடத்தில் அடங்கும் திறமை உலகையே வென்று வந்தது. பெரிய இடம் வேண்டிய திறமைகள் அதே தெருக்களில் எத்தனை முளைத்து, இடமின்றி வாடினவோ? அவற்றை எண்ணிச் சொல்வார் யார்?

ஆதலின், விளையாட்டரங்கம் பெருவிழா நாளில் மட்டும் விளக்கேற்றி, மற்றை நாளில் பூட்டிக்கிடக்கும் காட்சிப்பொருளாக ஆதல் கூடாது. நாள்தோறும் அதில் இளைஞர் கால்படுதல் வேண்டும். ஆங்காங்கே சிற்றரங்குகளும் பெருகுதல் வேண்டும். பயன்படுத்தும் நாமும் நம் கடமையை மறத்தலாகாது. தடத்தில் குப்பை எறிதலும், இருக்கையை உடைத்தலும், சுவரில் பெயர் கீறுதலும் நமக்குப் பின்வரும் சிறுவனின் உரிமையைப் பறிப்பனவாகும்.

டோல்கேட் என்னும் பெயருக்குச் சுங்கம் வாங்கி வழிவிடும் வாயில் என்பது பொருள். இன்று அங்கு நடந்து செல்வோரைச் சுங்கம் கேட்டுத் தடுப்பார் எவரும் இலர். பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. விளையாட்டரங்கின் வாயிலும் அவ்வாறே ஆதல் வேண்டும். ஓட விரும்பி வரும் சிறுவனை நோக்கி, "நீ எத்தெருவினன்? உன் தந்தையின் தொழில் யாது?" என வினவாமல், "தடம் இதோ, ஓடு" என்று அது வழிவிடுதல் வேண்டும். அன்றே அதற்கு மக்கள் அரங்கம் என்னும் பெயர் பொருந்தும்.