மூக்கு நேராகிவிட்டதா? கண்ணாடி மட்டும் போதாது

கோணல் மூக்குக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் முதலில் பார்ப்பது கண்ணாடியை. ஆனால் அளக்க வேண்டியவை இரண்டு: தோற்றம், மூச்சு.

தோற்றத்துக்கு, முன்னும் பின்னும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுப்பார்கள். புருவ நடுவிலிருந்து நாடிவரை கோடிட்டு மூக்கின் விலகலைப் பார்ப்பார்கள்.

மூச்சுக்கு, 2004இல் அமெரிக்காவில் வெளியான 'நோஸ்' வினாத்தாள் உண்டு. மூக்கு இறுக்கம், அடைப்பு, மூக்கால் மூச்சுவிடச் சிரமம், நித்திரைக் குழப்பம், உடற்பயிற்சியில் மூச்சுப் போதாமை என ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 புள்ளி. கூட்டி 5ஆல் பெருக்கினால் 100க்கான கணக்கு. குறைந்தால் நல்லது.

வீக்கம் முழுதாக வற்ற ஒரு வருடமளவு ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

லா சப்பலுக்கு அருகே லரிபுவாசியர் வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. எங்கு செய்தாலும், முன்கூட்டியே படமும் புள்ளியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முன் அளவு இல்லாமல் பலனை எதனோடு ஒப்பிடுவது?