காடு திரும்பும் வழி

ஊர்ப்பெயர்களில் மரஞ்செடிகளின் நினைவு தங்கியிருப்பதுண்டு. கொழும்பிலுள்ள தெமட்டகொடையை எடுத்துக்கொள்வோம். ‘தெமட்ட’ என்பது குமிழ் இனத்துச் செடியொன்றுக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர். ‘கொட’ என்பது மேட்டுநிலம். இன்று அங்கே கண்ணிற்படுவன புகையிரதப் பாதையும், கால்வாயும், நெருங்கிய குடியிருப்புகளுமே. இழந்த காட்டை மீண்டும் பெறுதல் கூடுமா? கூடுமாயின் அதற்கு வழி யாது?

இவ்வினாவுக்கு விடைகூறும் சோலையொன்று தம்புள்ளைக்கு அண்மையில், கண்டலமைக்குச் செல்லும் வீதியில் உள்ளது. தேயிலைத் தோட்டத்துறையிற் பணியாற்றிய சாம் பொப்ஹம் என்னும் ஆங்கிலேயர் 1963ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். சேனைப் பயிர்ச்செய்கையினாற் காடழிந்து, முட்புதர் மண்டிக்கிடந்த நிலம் அது. எவரும் செய்வதையே அவரும் முதலிற் செய்தார், கன்றுகளை நட்டார். உலர் வலயத்தின் நெடுங்கோடையில் அவற்றுட் பெரும்பாலானவை கருகின.

ஆனால் முட்புதரினுள்ளே வேறொரு காட்சி இருந்தது. அந்நிலத்துக்கே உரிய மரங்களின் இளங்கன்றுகள் எவரும் நடாமலே முளைத்து, வெளிச்சமின்றி ஒடுங்கி நின்றன. பொப்ஹம் நடுவதை விட்டுக் களைவதை மேற்கொண்டார். புதரை வெட்டி நீக்கி, நல்ல கன்றுகளை இனங்கண்டு, அவை நேராக வளர இடம் விட்டார். பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய மரங்கள் வளரும் உலர்வலயக் காடு அங்கே மீண்டும் தலையெடுத்தது. பிற்காலத்தில் அச்சோலை கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது.

இதன் காரணம் எளிது. மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டையும் வேரும் பலகாலம் உயிரோடிருக்கும். அவற்றிலிருந்து தளிர் கிளம்பும். பறவைகளும் விலங்குகளும் வித்துகளைக் கொணரும். தானே முளைத்த கன்றின் வேர், பிறந்த இடத்திலேயே ஆழ்ந்து நீரைத் தேடும். பையில் வளர்ந்த நாற்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை. மரங்கள் உயர்ந்து நிழல் பரவியதும் வெயிலை விரும்பும் முட்புதர் தானே மெலியும்.

கொழும்பு மழை மிகுந்த ஈரவலயம். அங்கே கன்று நடுதலும் பயன்தரும். எனினும் முதற்பாடம் ஒன்றே. 2018ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநில நகரம் என்னும் ஏற்பைப் பெற்ற அந்நகரைச் சூழ்ந்த சதுப்புகளிலே, ‘வெல் ஆத்தா’ எனப்படும் சீத்தா இனத்து அயல்மரம் அடர்ந்து, அவ்விடத்துக்குரிய செடிகொடிகளை நெருக்குகின்றது. அதனை நீக்காது நடப்படும் மரக்கன்று எத்தனை நாள் நிலைக்கும்?

மரநடுகை விழா ஒரு நாளில் முடிந்துவிடும். களை எடுப்பதும், கன்றை அடையாளங் காண்பதும், மிதிபடாமற் காப்பதும் ஆண்டுக்கணக்கான பணி. கால்வாய்க் கரையிலோ, பள்ளிக்கூட வளவிலோ, ஆலய நிலத்திலோ ஒரு சிறு காட்டை விரும்பும் ஊரவர், மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு மழைக்காலம் பொறுத்து, அம்மண்ணில் எது தானாக முளைக்கின்றதென்று பார்ப்பாராக. அங்கு எதனைக் காக்க வேண்டும், எதனை நட வேண்டும் என்பது அதன் பின்னரே தெளிவாகும்.