கூடல் ஊர்: கல்லில் நின்ற பெயர்

ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரையையொட்டி 2006-இல் 3 நடுகற்கள் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்தவை. எழுத்து, தமிழி எனப்படும் பழைய தமிழ் எழுத்து. காலம் கி.மு. 3 அல்லது 2-ஆம் நூற்றாண்டு என ஆய்வாளர் கணிக்கின்றனர்.

ஒரு கல், கூடல் ஊரில் நடந்த ஆகோளில் மாண்ட தீயன் அந்தவனுக்கு எடுத்தது. ஆகோள் என்றால் பகைவரின் ஆநிரையைக் கவர்தல். தொல்காப்பியம் வெட்சித் திணையில் இச்சொல்லை வைக்கிறது. கல்லில் வீரன் உருவம் கிடையாது. எழுத்து மட்டுமே. ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்தக் கூடல் ஊர், கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலையடிவாரத்தில் இன்றும் இருக்கும் கூடலூராகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பொருத்தமான கருத்துதான்: மலைமாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்க்கும் வழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது.

‘கூடு’ என்ற வினையடியில் பிறந்தது கூடல். ஆறுகள் கலக்குமிடம், மக்கள் சேருமிடம் இரண்டையும் குறிக்கும். மதுரைக்கும் சங்க காலத்தில் கூடல் என்ற பெயர் உண்டு. கல்லில் ‘கூடல்’, ‘ஊர்’ என்னும் இரு சொற்கள். இன்று லகர மெய்மேல் ஊகாரம் ஏறிக் கூடலூர். இந்தப் புணர்ச்சியைத் தவிர வேறு மாற்றமில்லை. ஆங்கில எழுத்தில் மட்டும் ‘Gudalur’ என்றாகிறது.

மற்றொரு கல்லில் வேள் ஊர் என்ற பெயர் இருக்கிறது. அங்கும் ஈற்றில் அதே ‘ஊர்’.