தள்ளுபடி யார் பையிலிருந்து வருகிறது?

பண்டிகை நெருங்கும் நாள்களில் பத்திரிகையைப் பிரித்தால் செய்தியைக் காட்டிலும் தள்ளுபடி விளம்பரங்களே அதிகமாகக் கண்ணில் படுகின்றன. அவற்றுள் ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை சலுகைகளை ஒரே சாமானுக்குப் பெறலாம் என்பதில் நம் குடும்பஸ்தர்கள் பலருக்கும் தீராத சந்தேகம் உண்டு. ஒவ்வொரு சலுகைக்கும் பணம் யார் பையிலிருந்து போகிறது என்று விசாரித்துவிட்டால், இரண்டும் சேருமா சேராதா என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வித்தையைச் சிரத்தையோடு அப்பியாசம் செய்தவர்கள் அமெரிக்க இல்லத்தரசிகள். அந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு வரும் கூப்பன் தாள்களைக் கத்தரித்து மளிகைக் கடைக்கு எடுத்துப்போவது நெடுநாளைய வழக்கம். சோப்புக்கோ பற்பசைக்கோ உற்பத்தியாளர் வெளியிட்ட கூப்பனைக் கடைக்காரர் ரொக்கம்போலவே வாங்கிக்கொள்கிறார். பிற்பாடு அதைக் கணக்குத் தீர்க்கும் நிலையத்துக்கு அனுப்பி, அதில் அச்சிட்ட தொகையையும், கையாண்டதற்குக் கூலியாகச் சில சென்ட்டுகளையும் பெற்றுவிடுவதால் அவருக்கு அதில் நஷ்டமில்லை. கடை தன் பெயரில் அச்சிடும் கூப்பனோ கடைக்காரரின் சொந்த லாபத்தைக் கரைப்பது. ஆகையால் ஒரே சாமானுக்கு உற்பத்தியாளர் கூப்பன்கள் இரண்டை நீட்டினால் மறுத்துவிடும் கடை, ஒன்று உற்பத்தியாளருடையதும் மற்றொன்று தன்னுடையதுமாக இருக்குமானால் பல இடங்களில் ஆட்சேபம் சொல்வதில்லை. 4 டாலர் சாமானை 3 டாலருக்குக் கொடுக்கும் வாரம் பார்த்துப் போய், கடைக் கூப்பனால் 50 சென்ட்டும் உற்பத்தியாளர் கூப்பனால் 1 டாலரும் கழித்துக்கொண்டால், கையைவிட்டுப் போவது ஒன்றரை டாலர்தான்.

அதே அமெரிக்காவில் 2012-ல் ஜே. சி. பென்னி என்னும் பெரிய அங்காடி நிறுவனம், கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடிகளையும் நிறுத்திவிட்டு, என்றைக்கும் ஒரே குறைந்த விலை என்று அறிவித்தது. நியாயம் அதன் பக்கம் இருந்தும், அவ்வாண்டு விற்பனை ஏறத்தாழ கால்பங்கு சரிந்தது. மறு ஏப்ரலில் தலைமை அதிகாரி ரான் ஜான்சன் பதவியை இழந்தார். மலிவாக வாங்குவதைவிட, சாமர்த்தியமாகக் குறைத்து வாங்கினோம் என்ற திருப்தி மனிதனுக்குப் பெரிது போலும். வியாபாரிகள் இந்தச் சுபாவத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்.

யார் பையிலிருந்து பணம் போகிறது என்பதைப் பொறுத்தே சலுகைகள் சேரும் என்ற கிரமந்தான் நம் நாட்டு இணையக் கடைகளிலும். கூப்பன் குறியீட்டை இடும் கட்டம் பொதுவாக ஒன்றைத்தான் ஏற்கும். ஆனால் பணம் செலுத்தும்போது கிடைக்கும் வங்கி அட்டைச் சலுகை அதற்குமேல் தனியே சேர்வதுண்டு, அதன் செலவில் வங்கிக்கும் பங்கு இருக்கிறபடியால். பழைய கைபேசியைக் கொடுத்தால் கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் பல சமயங்களில் உற்பத்தியாளர் கொடுப்பது. இணையம் வருமுன்னரே இதற்கு வேர் உண்டு: 1935-ல் தோன்றிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்குக் கிடைக்கும் 30 சதவீதத் தள்ளுபடி சர்க்காரின் ஆதரவில் நடப்பது, அந்நிறுவனத்தின் ‘கனவு நனவு’ சேமிப்புத் திட்டத்தில் மாதந்தோறும் தவணை கட்டி வருபவருக்குக் கடைசித் தவணையை நிறுவனமே செலுத்தி, சேர்ந்த தொகைக்குத் தள்ளுபடியோடு ஜவுளி எடுக்கவும் இடமளிக்கிறது.

கணக்கிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 20 சதவீதத்தோடு 10 சதவீதம் சேர்ந்தால் 30 ஆகிவிடாது. இரண்டாவது கழிவு மிச்சத்தின்மேல் விழுவதால் 28தான். 1,000 ரூபாய்ச் சாமானுக்கு 20 சதவீதமும் 200 ரூபாய்க் கூப்பனும் இருந்தால், சதவீதத்தை முதலில் கழித்தால் 600, கூப்பனை முதலில் கழித்தால் 640. எது முந்துவது என்பதைக் கடையின் கணினி தீர்மானிக்கிறது, நாம் அல்ல. ‘10 சதவீதம்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, 1,500 ரூபாய் உச்சவரம்பைப் பொடி எழுத்தில் வைத்திருந்தால், 30,000 ரூபாய்க் கைபேசிக்கு அது 5 சதவீதமே. ‘வட்டியில்லாத் தவணை’ என்பதும் இந்த வகையைச் சேர்ந்தது. வட்டி பூஜ்யம் என்பதாக ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குத் தெரிவித்துவிட்டது. ரொக்கமாகக் கொடுப்பவருக்கு உரிய தள்ளுபடியைத் தவணைக்காரர் இழக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நலம்.

சாமானைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வந்தால்தான் சலுகையின் உண்மையான ஷரத்துக்கள் தெரியவரும். 2,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால் 400 ரூபாய் கழிவு என்ற கூப்பனுக்காக, 1,600 ரூபாய்த் துணியோடு வேண்டாத ஒரு 400 ரூபாய்ச் சட்டையையும் சேர்த்து வாங்கியவர், சட்டையைப் பிறகு திருப்பினால், கழிவை விகிதப்படி பங்கிடும் கடையில் 320 ரூபாய் கிடைக்கும். கொள்முதல் 2,000-க்குக் கீழே போய்விட்டதென்று கழிவையே ரத்து செய்யும் கடையில் ஒரு காசும் கிடைக்காது.